வழக்குக்கும் வார்டுக்கும் நடுவே: வன்கொடுமைக்கு உள்ளானோரின் சிகிச்சை உரிமையும் மாநிலச் சட்டத்தின் மௌனமும்

சாதி வன்கொடுமையில் வெட்டுப்பட்ட ஒருவர் ஒரே நாளில் இரண்டு வாசல்களில் நிற்க நேர்கிறது. ஒன்று காவல் நிலையம், மற்றொன்று மருத்துவமனை. காவல் நிலைய வாசலில் அவருக்குத் துணையாக நாடாளுமன்றம் இயற்றிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிற்கிறது. மருத்துவமனை வாசலில் அவர் கையில் இருப்பது, இருந்தால், ஒரு காப்பீட்டு அட்டை. சட்டம் குற்றத்தை அறியும்; ஆனால் சிகிச்சைச் செலவைப் பிறகுதான் திருப்பித் தரும். அட்டை செலவை உடனே ஏற்கும். ஆனால் குற்றத்தை அறியாது, குடும்ப வருமானத்தை மட்டுமே அறியும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் எதுவும் தமிழ்நாட்டின் சட்டப் புத்தகத்தில் இல்லை.

இந்த இடைவெளியை நலத்திட்டக் குறைபாடு என்று மட்டும் கருதுவது போதாது. சிகிச்சை குறைந்தால் சான்று குறைகிறது. சான்று குறைந்தால் குற்றப்பிரிவு மாறுகிறது. பிரிவு மாறினால் தண்டனையும் தீருதவியும் சுருங்குகின்றன. எனவே, காப்பீடு பற்றிய கேள்வி குற்றவியல் நீதி பற்றிய கேள்வியும் ஆகும். திருநெல்வேலி மாவட்டத்தையும் தாமிரபரணிப் படுகையையும் முன்வைத்து இதை விளக்கவும், மாநிலச் சட்டமன்றத்தின் கையில் உள்ள வழிகளைச் சொல்லவும் இக்கட்டுரையில் முயல்கிறோம்.

படுகையின் அண்மைக் காலம்

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களுள் அம்மாணவருடன் ஒரே பள்ளியில் படித்தவர்கள் இருந்தனர். அண்ணன் தங்கை இருவரும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெடுநாள் சிகிச்சை பெற்றனர். பள்ளிகளில் சாதியை ஆராய அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது.

2025 மார்ச் 10 அன்று, ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், பொதுத்தேர்வு எழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரின் கைவிரல்கள், பேருந்தை மறித்து ஏறிய கும்பலால் வெட்டப்பட்டன. அவரும் முதலில் ஸ்ரீவைகுண்டம் அரசு மருத்துவமனைக்கும் பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்பட்டார்.

2023 மார்ச்சில் வெளிப்பட்டது வேறொரு வகை வன்முறை. அம்பாசமுத்திரம் காவல் உட்கோட்டத்தில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்களைக் காவல் உயர் அதிகாரி ஒருவர் பிடுங்கினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சேரன்மகாதேவி சார் ஆட்சியரின் விசாரணை, பின்னர் மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரியின் உயர்மட்ட விசாரணை, அதன் பின் சி.பி.சி.ஐ.டி. வழக்கு என்று அது நகர்ந்தது.

மூன்று நிகழ்வுகளிலும் அரசியல் கட்சிகள் பேசின; ஊடகங்கள் எழுதின. அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் உழைத்ததையும் நாம் மறுக்கவில்லை. பெரிய செய்தியாகும் வழக்கில் அமைச்சர் வருவார். சிறப்பு மருத்துவர்கள் வருவார்கள். செலவு பற்றி எவரும் கேட்கமாட்டார்கள். செய்தியாகாத வழக்குகளைப் பற்றியே நாம் பேச வேண்டியுள்ளது. வயல் வரப்பில், கோயில் கொடை நாளில், டீக்கடை வாசலில் அடிபட்டு வருபவருக்கு எந்தச் சட்டம் படுக்கை தருகிறது?

சட்டம் தருவது என்ன?

1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டனைச் சட்டம் மட்டுமன்று. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளுக்கென்று 15-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன் 11ஆம் உட்பிரிவு, இவ்வுரிமைகளை நடைமுறைப்படுத்தும் திட்டமொன்றை மாநில அரசு வகுக்க வேண்டும் என்கிறது. அத்திட்டத்தில் இடம்பெற வேண்டியவற்றுள் உணவு, உடை, உறைவிடம், போக்குவரத்து ஆகியவற்றோடு மருத்துவ உதவியும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளது.

1995ஆம் ஆண்டு விதிகளின் 11ஆம் விதி இன்னும் தெளிவானது. வன்கொடுமைக்கு உள்ளானவருக்கு ஆன மருந்துச் செலவு, சிறப்பு மருத்துவ ஆலோசனை, இரத்தம் ஏற்றுதல், மாற்றுடை, உணவு, பழங்கள் வரையிலான செலவுகளை மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ பிற நிர்வாக நடுவரோ திருப்பித் தர வேண்டும். சாட்சி சொல்ல வருவோருக்குப் பயணப்படியும், குறைந்தபட்ச வேளாண் கூலிக்குக் குறையாத நாட்படியும் உண்டு. 12ஆம் விதி தீருதவியை 7 நாட்களுக்குள் வழங்கச் சொல்கிறது. இத்தொகையைத் தமிழ்நாடு அரசு 2021இல் உயர்த்தி, குறைந்தது 1 லட்சம் ரூபாய், அதிக அளவு 12 லட்சம் ரூபாய் என்று ஆக்கியது.

இவ்வளவும் நல்லவைதாம். ஆனால் 11ஆம் விதியின் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும்: அது ‘திருப்பித் தருதல்’. முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும். ரசீது வைத்திருக்க வேண்டும். மனு கொடுக்க வேண்டும். பிறகு பணம் வரும். கையில் பணம் உள்ளவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட ஏற்பாடு இது. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு, செலவழித்த பின் கிடைக்கும் உரிமை வட்டிக்காரர் வழியாகவே வந்து சேர்கிறது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வேறொரு மாதிரி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு, சில குற்றங்களால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் உடனே, கட்டணமின்றிச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. பழைய சட்டத்தில் இது 357-சி. மறுப்பவர்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அட்டை வேண்டாம், முன்பணம் வேண்டாம், பிறகு மனு கொடுக்கவும் வேண்டாம். ஆனால் அந்தச் சில குற்றங்கள் யாவை? பாலியல் வல்லுறவு, அமில வீச்சு, குழந்தைகளுக்கு எதிரான குறிப்பிட்ட பாலியல் குற்றங்கள். அரிவாள் வெட்டு அந்தப் பட்டியலில் இல்லை. கொலை முயற்சி இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் ஒரு பிரிவுகூட அங்கே பெயர் சொல்லப்படவில்லை.

காப்பீடு தருவது என்ன?

தமிழ்நாட்டின் அரசுக் காப்பீடு 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. தாமிரபரணிக் கரையில் அந்தத் தேதிக்கு வேறொரு பொருள் உண்டு. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது காவல் துறை தடியடி நடத்தியதில், இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் ஆற்றில் மாண்டார்கள். இரு நிகழ்வுகளுக்கும் தொடர்பில்லை. எனினும், நீதி கேட்டுச் சென்றவர்கள் துரத்தப்பட்ட அதே அலுவலக வளாகத்துக்குத்தான் இன்று காப்பீட்டு அட்டை பதிவதற்காக அவர்களுடைய பிள்ளைகள் செல்கிறார்கள்.

2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் புதிது வந்தது. 2018இல் அது ஒன்றிய அரசின் பிரதமர் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது பெரிய ஏற்பாடு. பல உயிர்களைக் காத்த ஏற்பாடு. ஆயினும் அதன் சட்டத் தகுதி என்ன என்று கேட்டால் விடை ஒன்றே: அது அரசாணை. சட்டமன்றம் இயற்றிய சட்டம் அதன் பின்னால் இல்லை. ஆட்சி மாறினால் பெயர் மாறலாம், நிறுத்தலாம், மீண்டும் தொடங்கலாம் என்பதை 2011 காட்டியது.

இதனோடு ஈ.எஸ்.ஐ.யை ஒப்பிடுக. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது அது. உரிமை மறுக்கப்பட்ட தொழிலாளி நாடுவதற்கெனத் தனி நீதிமன்றத்தையே அச்சட்டம் ஏற்படுத்தியது. ஆலைத் தொழிலாளிக்குச் சட்டமும், வயல் தொழிலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அரசாணையும் என்று மருத்துவப் பாதுகாப்பு இரண்டாகப் பிரிந்திருப்பது தற்செயலானது அன்று. முறைசாரா உழைப்பில் பெரும்பகுதியைத் தலித்துகள் சுமக்கும் நாட்டில், இந்தப் பிரிவுக்குச் சாதி முகமும் உண்டு.

முதலமைச்சர் காப்பீட்டுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலியில், மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் ஒரே ஒருவரின் வருமானமே அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறது. கணவனும் மனைவியும் உழைக்கும் வீடு ஏட்டளவில் ஏழை வீடு அன்று. வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரை நாட வேண்டும். வன்கொடுமை நிகழ்ந்த ஊரில், சமூகப் புறக்கணிப்பு நிலவும் நாட்களில், ஊருக்குள் அலைந்து அந்தச் சான்றைப் பெறுவது எளிதன்று. அடிபட்ட அன்றே அட்டையில்லாத குடும்பத்துக்குப் பதிவு நடைமுறை எட்டாத தொலைவில் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தானே, அட்டை எதற்கு என்று கேட்கலாம். மூன்று இடங்களில் அது தேவைப்படுகிறது. முதலாவது, முதல் ஒரு மணி நேரம். நாங்குநேரி, ஸ்ரீவைகுண்டம், அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்கள் பாளையங்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தள்ளி இருக்கின்றன. வழியில் முதலில் கிடைக்கும் மருத்துவமனை தனியாருடையதாக இருக்கக்கூடும். இரண்டாவது, துண்டான விரல், அறுந்த நரம்பு, தலைக்காயம் போன்றவற்றுக்கான சிறப்பு அறுவை. மூன்றாவது, தையல் பிரித்த பின் தொடங்கும் நீண்ட காலம்: இயன்முறைச் சிகிச்சை, மறு அறுவை, மனநலச் சிகிச்சை, வேலைக்குப் போக இயலாத மாதங்கள்.

சிகிச்சை குறைந்தால் தண்டனை குறையும்

மாணவத் தோழர்கள் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். குற்றவியல் வழக்கில் காயத்தின் பெயரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மருத்துவ ஆவணமே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு எட்டு வகைக் காயங்களைக் கொடுங்காயம் என்கிறது. எலும்பு முறிவு அவற்றுள் ஒன்று. 15 நாட்கள் கடும் வலியில் கிடத்தும் காயம் அல்லது அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் ஆக்கும் காயம் மற்றொன்று. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது.

கூலிக்குடும்பம் ஒன்று செலவுக்கு அஞ்சி ஐந்தாம் நாளே நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகிறது என்று கொள்வோம். 15 நாள் வலிக்கு ஆவணம் இல்லை. ஊடுகதிர்ப் படமோ ஸ்கேனோ எடுக்கப்படவில்லையெனில் முறிவுக்கும் ஆவணம் இல்லை. காயச் சான்றிதழில் ‘சாதாரணக் காயம்’ என்று எழுதப்படுகிறது. இனி நிகழ்வதைப் பாருங்கள். ஆயுதத்தால் காயம் விளைவித்தால் 118ஆம் பிரிவின் முதல் உட்பிரிவின்படி 3 ஆண்டு வரை தண்டனை. அதே ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தால் இரண்டாம் உட்பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை செல்லும். 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றத்தைப் பட்டியல் சமூகத்தவர் என்று அறிந்தே ஒருவர் மீது இழைத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(2)இன் ஐந்தாம் கூறு ஆயுள் தண்டனை விதிக்கிறது. சாதாரணக் காயம் என்றால் அந்தக் கூறு வழக்குக்குள் நுழையவே முடியாது.

ஒரே அரிவாள், ஒரே கை, ஒரே இரவு. வேறுபாடு, மருத்துவமனையில் எத்தனை நாள் இருக்க முடிந்தது, எந்தச் சோதனைக்கு வசதி இருந்தது என்பதில். தாக்கியவருக்கான தண்டனையைத் தாக்கப்பட்டவரின் வறுமை குறைத்துவிடுகிறது.

தீருதவியும் இப்படித்தான். உடல் இயலாமைக்கான தீருதவி, இயலாமை 50 விழுக்காட்டுக்கு மேலா கீழா என்பதைப் பொறுத்து மாறும். மருத்துவப் பரிசோதனையும் அதை உறுதிசெய்யும் அறிக்கையும் வந்த பின் பாதியும், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குச் சென்ற பின் மீதியும் வழங்கப்படும். தொடர் சிகிச்சை அறுந்தால் அந்த அறிக்கையும் அறுகிறது.

காவல் சித்திரவதையில் இது இன்னும் கூர்மையாகிறது. கைது செய்யப்பட்டவரை மருத்துவர் பரிசோதித்து, காயங்களைப் பதிந்து, பதிவின் நகலை அவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தர வேண்டும் என்கிறது 53ஆம் பிரிவு. அடித்த துறையே மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லும் நிலையில், பல் போன வாயைத் திறந்து பார்த்து எழுதும் மருத்துவரின் நான்கு வரிகள்தாம் பின்னாளில் வழக்கின் முதுகெலும்பாகின்றன.

விபத்து என்றால் கதவு திறக்கும்

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும். அட்டை இருக்கிறதா, வருமானம் என்ன, எந்த மாநிலத்தவர் என்ற கேள்விகள் இல்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இது செல்லும். 1 லட்சம் ரூபாய் வரம்புடன் தொடங்கிய இத்திட்டத்தை நாம் முழுமனத்துடன் வரவேற்கிறோம். முன்பணமும் அட்டையும் கேட்காமல் உயிரைக் காக்க இந்த அரசால் முடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால், லாரி மோதினால் திறக்கும் கதவு, அரிவாள் பாய்ந்தால் திறப்பதில்லை. காயத்தின் ஆழம் ஒன்றாக இருக்கலாம். இரத்த இழப்பு ஒன்றாக இருக்கலாம். உயிர் காக்கும் நேரமும் ஒன்றே. காரணம் மட்டும் வேறு. இதன் விளைவு ஆபத்தானது. தாக்குதல் என்றால் காவல் துறை வரும், நீதிமன்றம் அழைக்கும் என்று அஞ்சி மருத்துவ-சட்ட வழக்குகளைத் தவிர்க்கும் சிறு மருத்துவமனைகள் உண்டு. எதிர்த்தரப்புக்கு அஞ்சும் குடும்பமும் ‘கீழே விழுந்துவிட்டார்’, ‘வண்டியிலிருந்து சரிந்துவிட்டார்’ என்று சொல்லத் தூண்டப்படுகிறது. அந்த ஒரு வாக்கியம் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால், விசாரணையின்போது எதிர்த்தரப்பு வழக்குரைஞர் முதலில் உயர்த்திக் காட்டும் ஆவணம் அதுவாகவே இருக்கும்.

சட்டம் இந்த அச்சத்துக்கு இடம் தரவில்லை. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிரைக் காப்பதே முதற்கடமை, காவல் நடைமுறை அதற்குத் தடையாகாது என்றது. பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் 1996இல், அவசரச் சிகிச்சை மறுப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவது என்றது. எனினும் தீர்ப்பு கடமையைச் சொல்கிறதே தவிர, கட்டணத்தை யார் தருவது என்பதைத் தீர்க்கவில்லை. அதைத் தீர்ப்பது சட்டமன்றத்தின் வேலை.

பட்டியலுக்கு வெளியே நிற்போர்

நெல்லைச் சீமையில் எவரும் கடந்துபோக முடியாத கேள்வி ஒன்று உண்டு. பாளையங்கோட்டையைச் சுற்றிலும் தலைமுறைகளாகக் கிறித்தவர்களாக வாழும் தலித் குடும்பங்கள் ஏராளம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். சேரி ஒன்றே, வெட்டியவரின் பகை ஒன்றே, ஆனால் ஒரு வீட்டுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, அடுத்த வீட்டுக்கு இல்லை. 15-ஏ பிரிவும் 11ஆம் விதியும் தீருதவியும் அவர்களை எட்டுவதில்லை.

ஆகவே, சிகிச்சை உரிமையை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் மட்டும் தேடுவது போதாது. சாதிச் சான்றிதழைக் கேட்காமல், காயத்தைப் பார்த்துத் திறக்கும் பொது உரிமையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே பயன் தரும்.

மாநிலத்தின் கையில் உள்ள வழிகள்

இது ஒன்றிய அரசின் சட்டம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்ற விடை நமக்குப் பழகிப்போனது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணை அவ்வாறு சொல்லவில்லை. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. குற்றவியல் சட்டம், குற்றவியல் நடைமுறை, சமூகப் பாதுகாப்பு, சமூகக் காப்பீடு ஆகியவை பொதுப் பட்டியலில் இருக்கின்றன. பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் மாநிலம் இயற்றும் திருத்தம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால், 254(2) உறுப்பின்படி அந்த மாநிலத்தில் செல்லும்.

தமிழ்நாடு இதைப் பலமுறை செய்திருக்கிறது. 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்திச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி தந்தது. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. அவசரச் சட்டம் பிறந்த மூன்றாம் நாளே சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டப் புதிய குற்றவியல் சட்டங்களுக்கே மாநிலத் திருத்தம் நிறைவேற்றியது. வழி இருக்கிறது; மனம் இருந்தால் நாட்களும் போதும்.

நாம் நான்கு படிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, 15-ஏ(11) கோரும் திட்டத்தில் ‘மருத்துவ உதவி’ என்பதைக் கட்டணமில்லா உடனடிச் சிகிச்சை என்று தெளிவாக எழுதுவது. முதல் தகவல் அறிக்கையின் நகலே அனுமதிச் சீட்டாக வேண்டும். செலவை மாவட்ட ஆட்சியர் மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்த வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. எவருடைய ஒப்புதலும் தேவையில்லை.

இரண்டாவது, ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தாக்குதலில் காயமுற்ற அனைவருக்கும் விரிப்பது. ஓர் அரசாணை போதும். தலித் கிறித்தவரும் இதில் அடங்குவார்.

மூன்றாவது, 397ஆம் பிரிவுக்கு மாநிலத் திருத்தம். கொலை முயற்சி, ஆயுதத்தால் காயம், கொடுங்காயம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள், காவல் சித்திரவதை ஆகியவற்றை அப்பட்டியலில் சேர்க்க வேண்டும். மறுத்தால் தண்டனை என்ற 200ஆம் பிரிவின் பிடியும் அதற்கேற்ப விரிய வேண்டும்.

நான்காவது, முதலமைச்சர் காப்பீட்டைச் சட்டமாக்குவது. மேல்முறையீட்டு அமைப்பு, காலக்கெடு, மறுப்புக்குக் காரணம் எழுதித் தரும் கடமை ஆகியவை அதில் இருக்க வேண்டும். 2023இல் ராஜஸ்தான் சட்டமன்றம் நலவாழ்வு உரிமைச் சட்டம் இயற்றி, முன்பணமின்றி அவசரச் சிகிச்சை பெறும் உரிமையை ஏட்டில் ஏற்றியது. தனியார் மருத்துவர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே அது நிறைவேறியது. ஆனால் விதிகள் வகுக்கப்படாமல் தேங்கியது. சட்டத்தோடு விதிகளும் நிதியும் சேர வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் கற்க வேண்டியது.

நிதிக்கும் வழி உண்டு. தமிழ்நாடு சட்டமன்றம் 2024 பிப்ரவரியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கெனச் சட்டம் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்குவதைக் கடமையாக்கும் அச்சட்டத்தின் கீழ், வன்கொடுமைக்கு உள்ளானோரின் மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்கும் தனித் தலைப்பு கேட்பது நம் உரிமை. 2021இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இதைப் பரிந்துரைக்கலாம்.

2025 ஜூலை 27 அன்று, தாத்தாவின் சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டை வந்திருந்த தலித் மென்பொறியாளர் ஒருவர் கே.டி.சி. நகரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களுக்குப் பின், அவ்வாண்டு அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையத்தை முதலமைச்சர் அறிவித்தார். அத்தகைய சட்டம் தண்டனையை மட்டும் பேசினால் பாதிதான் நிறைவேறும். வெட்டுப்பட்டு உயிர் பிழைப்போருக்கான சிகிச்சை, பாதுகாப்பான உறைவிடம், மறுவாழ்வு ஆகியவற்றுக்கு அதில் தனி இயல் வேண்டும்.

இன்றே கையில் உள்ள கருவிகள்

சட்டம் வரும்வரை காயங்கள் காத்திருப்பதில்லை. களத்தில் நிற்கும் தோழர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் முதல் நாளிலேயே செய்யக்கூடியவை இவை.

மருத்துவரிடம் உண்மையை மட்டும் சொல்லச் செய்யுங்கள்: எங்கே, எப்போது, எத்தனை பேர், என்ன ஆயுதம். அது விபத்துப் பதிவேட்டில் அவ்வாறே பதிவாகிறதா என்று கேளுங்கள். ‘கீழே விழுந்தார்’ என்ற சொல்லுக்கு இடம் தராதீர்கள்.

நடைமுறைச் சட்டத்தின் 396ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவை நினைவில் கொள்ளுங்கள். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி நிலைக்குக் குறையாத ஒருவரோ அப்பகுதி நடுவரோ சான்றளித்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாச் சிகிச்சைக்கும் இடைக்கால நிவாரணத்துக்கும் உத்தரவிடலாம். இதற்குச் சாதிச் சான்று தேவையில்லை. இருந்தும் இப்பிரிவில் மனு போடுவோர் அரியர்.

தலித் இந்துக்களும் பழங்குடியினரும் 11, 12ஆம் விதிகளின்படி ஆட்சியருக்கு அன்றே எழுத்து மனு கொடுக்க வேண்டும். மருந்துச் சீட்டு முதல் ஆட்டோக் கட்டணம் வரை ரசீதுகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சமூகத்தவராக இல்லாதபோது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

வலி நீடிக்கும்வரை மருத்துவத் தொடர்பை அறுக்காதீர்கள். படுக்கையை விட்டு வந்தாலும் புறநோயாளிச் சீட்டு தொடர வேண்டும். அந்தச் சீட்டுகள் சேர்ந்தே 15 நாளைக் காட்டும்.

மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது 17ஆம் விதி. அதன் கூட்டக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எத்தனை பேருக்கு மருத்துவச் செலவு திருப்பித் தரப்பட்டது என்ற ஒற்றைக் கேள்வியைத் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கேட்டால், சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டிய ஆவணம் நம் கைக்கு வந்துவிடும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போராட்டங்களால் வந்தது. 15-ஏ பிரிவும் அப்படியே வந்தது. மருத்துவமனை வாசலில் ‘அட்டை இருக்கிறதா?’ என்று கேட்கப்படும் ஒவ்வொரு முறையும், அருகில் நிற்கும் ஒருவர் ‘முதல் தகவல் அறிக்கை இருக்கிறது’ என்று சொல்லிச் சேர்க்கை பெறக்கூடிய நாள் வர வேண்டும். அதற்கான வரைவைச் சட்டமன்ற உறுப்பினர்களின் மேசையில் வைப்பது நம் அடுத்த பணி.